எடோ நகரத்துப் பெண்களும் ஒரு திருப்பூர் அத்தையும்

சாத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு சேவுக் கடையின் மாடியில் எங்கள் மையம் இருந்தது. நாற்கரச் சாலையில் தொழிலுக்கு நிற்கும் பெண்கள் பகலில் வந்து குளிக்க, படுக்க, டாக்டரைப் பார்க்க ஒரு தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த இடம். ஒரு பெரிய அறை, ஒரு குளியலறை, சுற்றும்போது முனகும் ஒரு மின்விசிறி. எனக்கு அங்கே ஆலோசகர் வேலை. ஆலோசனை சொன்னது குறைவு. குழாயில் தண்ணீர் வராத நாளில் லாரிக்குச் சொல்வது, ஆணுறைப் பெட்டிகளை வாங்கி அடுக்குவது, ரத்தப் பரிசோதனைக்குப் பயப்படுகிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது என்று பொழுது போகும். கீழே எண்ணெய் கொதிக்கும்போது அறை முழுக்க மிளகாயும் பூண்டும் ஏறிவிடும். படுத்திருப்பவர்கள் தூக்கத்திலேயே இருமுவார்கள்.

நான் சிவகாசிக்காரி. அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். கணவருக்கு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை, பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு தபால் வழியில் தொடர்ந்தேன். எம்.ஏ. வரலாறு. நான் வேலை பார்க்கும் இடத்தைப் பற்றி சபையில் யாராவது கேட்டால் அம்மா, "சுகாதாரத் துறையில இருக்கா" என்பார். அது முழுப் பொய்யும் இல்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் ஆண்டில் ஜப்பான் வரலாறு ஒரு தாளாக வந்தது. வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாது. மையத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் படுத்துவிடுவார்கள். அப்போது சுவரோரம் சாய்ந்து படிப்பேன்.

ஒரு மதியம் பக்கத்தில் படுத்திருந்த அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். அவரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான, தடித்த உடம்பு. வந்ததும் தலைக்குக் குளித்து, வெயில் விழும் ஜன்னலோரம் முடியை விரித்துப் போட்டுக் காயவைப்பார். புதிதாக வருகிற பெண்களுக்கு எந்த இடத்தில் நிற்கலாம், எந்த டிரைவரோடு போகக் கூடாது என்று சொல்லித்தருவதும் அவர்தான்.

"என்ன தங்கச்சி, பைபிளா?"

"இல்லக்கா. பரீட்சைக்கு. ஜப்பான் சரித்திரம்."

"ஜப்பான்ல ராசா கத தான இருக்கும்?"

நான் அப்போது படித்துக்கொண்டிருந்தது ராஜா கதை இல்லை. சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு சொன்னேன். "இந்தப் பாடத்துல உங்க தொழிலு வருதுக்கா."

படுத்திருந்த இன்னும் இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். "அம்புட்டுத் தூரத்துலயுமா?" என்றாள் ஒருத்தி. அவள் எங்களில் இளையவள். கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸில் இருந்து வந்தவள்.

"நானூறு வருசத்துக்கு முன்னாடி" என்றேன்.

"வாசி, வாசி" என்றார் அக்கா.

வாசித்தால் யாருக்கும் புரியாது. மூடி வைத்துவிட்டுக் கதையாகச் சொன்னேன். எடோ என்று ஒரு பெரிய ஊர். இன்றைக்கு அதற்குத்தான் டோக்கியோ என்று பெயர். சொந்த ஊரில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வந்த சிப்பாய்களும் கூலியாட்களும் நிறைந்த ஆம்பளை ஊர். அங்கே அரசாங்கமே ஒரு பேட்டையை ஒதுக்கி, சுற்றிலும் அகழி வெட்டி, ஒரே ஒரு வாசல் வைத்து, பெண்களை அதற்குள் வைத்தது. வாசலில் காவல். ஆண்கள் வரலாம், போகலாம். பெண்கள் வெளியே போக முடியாது.

"நமக்கு அகழி எதுக்கு?" என்றாள் இளையவள். "வெளிய போனாலும் இங்கனதான வரணும்."

பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று அக்கா கேட்டார். மழை பொய்த்த கிராமங்களிலிருந்து, என்றேன். தரகர் வருவான். அப்பனிடம் முன்பணம் கொடுப்பான். ஏழு எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவான். பத்து வருட ஒப்பந்தம். பத்திரத்தில் வேலைக்காரி என்றுதான் எழுதுவார்கள். போனதும் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைப்பார்கள். கட்டுகிற துணி, படுக்கிற மெத்தை எல்லாம் அவள் பேரிலேயே பற்று ஏறும். அதனால் பத்து வருடம் பன்னிரண்டாகும், பதினைந்தாகும்.

"அட்வான்சு" என்றார் அக்கா. அந்த வார்த்தையை விளக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் அவசியம் இல்லை. பட்டாசுக் கம்பெனியில் ஒரு சீசனுக்கு அட்வான்ஸ் வாங்கினால் அடுத்த சீசன் வரை கை கட்டப்பட்டிருக்கும். கம்பெனி மூடிவிட்டால் வேலையும் இல்லை, கொடுத்தவன் விடவும் மாட்டான். ஆலைகள் மூடிக் கிடக்கும் மாதங்களில் ரோட்டில் புதுமுகங்கள் கூடும். அப்படிக் கூடினால் இருக்கிறவர்களுக்கும் கிடைப்பது குறையும். இதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை. எந்த மாதம் எத்தனை பெட்டி ஆணுறை காலியாகிறது என்பதிலேயே தெரியும்.

இன்னொன்றும் சொன்னேன். அந்தப் பேட்டையில் பெண்களுக்கென்று ஒரு தனிப் பேச்சைச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த ஊர்க்காரி என்று யாருக்கும் தெரியக் கூடாது, கிராமத்துப் பேச்சு வெளியே வரக் கூடாது என்பதற்காக. இதைக் கேட்டு அறையே சிரித்தது. ஏனென்றால் அவர்களும் அதைத்தான் செய்தார்கள். வடக்கே போகிற வண்டிக்காரனிடம் 'வந்தாக, போனாக' என்று யாரும் பேசமாட்டார்கள். 'வந்தாங்க, போனாங்க' தான். இளையவள் மதுரைப் பேச்சைப் பேசிக் காட்டினாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது நெடுஞ்சாலைக் கதை. அந்த நாட்டிலும் ஊரிலிருந்து ஊருக்குப் பெரிய சாலைகள் இருந்தன. வழியில் சத்திரங்கள். சத்திரத்துக்கு இத்தனை பெண்கள்தான் என்று அரசாங்கம் கணக்கு வைத்திருந்தது. கணக்கில் அவர்களுக்குப் பேர், சோறு பரிமாறுகிறவர்கள்.

"சோறு போடுறவுகளா?" அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்ல பேருதான். எங்க அண்ணன் என்னய திருப்பூர்ல பனியன் கம்பெனின்னு சொல்லிருக்கான்."

கடைசியாகத்தான் அதைச் சொன்னேன். அந்தக் காலத்து ஜனங்கள் அந்தப் பெண்களைக் கெட்டுப்போனவர்கள் என்று நினைக்கவில்லை, குடும்பத்தைக் காப்பாற்றப் போன பிள்ளைகள் என்று சொன்னார்கள், காலம் முடிந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டதும் உண்டு என்று. பாதிப் பேர் வெளியே வருவதற்குள்ளேயே சீக்கு வந்து செத்துப்போனதையும், ஆளில்லாதவர்களின் உடம்பை ஒரு கோயில் வாசலில் போட்டுவிட்டுப் போனதையும் நான் சொல்லவில்லை.

கீழே கடைக்காரர் யாரையோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்தா வீட்டுல சேத்துக்கிட்டாகளா?" என்று கேட்டார் அக்கா.

"சேத்துக்கிட்டாகன்னுதான் போட்டிருக்குக்கா."

அவர் முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

அக்காவுக்கு நாரணாபுரம். கணவர் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். வெடிவிபத்தில் போனபோது மகள் கைக்குழந்தை. அதே ஆலையில் அக்கா திரி பிரிவில் இருந்தார். ஆலையை மூடிவிட்டார்கள். அண்ணனுக்கும் கூலி வேலைதான். மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூருக்குத்தான் முதலில் போனார். உண்மையிலேயே பனியன் கம்பெனிக்கு. அங்கிருந்து எப்படிச் சாத்தூர் ரோட்டுக்கு வந்தார் என்பதை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

மகள் அண்ணனை அப்பா என்றும் அண்ணியை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தாள். பெற்றவளை அத்தை என்றாள். விவரம் தெரிந்த வயதில் யார் அம்மா என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. அக்கா அனுப்பியதில்தான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தாள், கல்யாணமும் நடந்தது. கல்யாணத்துக்கு அக்காவைக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை வீட்டில் திருப்பூர் அத்தையைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அத்தையின் கணவரும் அங்கே சூப்பர்வைசர், லீவு கிடைக்காது என்று, இல்லாத ஒரு மாமாவையும் சேர்த்து.

ஜப்பான் பாடம் நடந்து கொஞ்ச நாளில் அக்கா என்னிடம் வந்தார். முகமெல்லாம் வெளிச்சம்.

"தங்கச்சி, அவளுக்கு வளகாப்பு. அண்ணனே போன் போட்டான். இதுக்காவது வந்துட்டுப் போன்னு சொல்லுதான். நீ எங்கூட வருவியா? கம்பெனியில கூட வேல பாக்குற புள்ளன்னு சொல்லிக்கிடுவோம்."

போனேன். விருதுநகர் கடைவீதியில் சேலை எடுத்தோம். மாமியார் வீட்டார் என்ன கேட்பார்களோ என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்தோம். கம்பெனி எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு ஷிப்டு, மாமா ஏன் வரவில்லை. மாமாவுக்கு டைபாய்டு என்று முடிவு செய்தோம். அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணன்தான் போட்டுட்டு வரச் சொன்னான்" என்றார்.

வாசலில் அண்ணன் நின்றார். ஒல்லியான மனிதர். கண்ணில் ஒரு கலக்கம். "வா தாயி" என்றவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கும் சரி, பிறகும் சரி, எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை.

எல்லாம் நன்றாகவே நடந்தது. யாரும் துருவிக் கேட்கவில்லை. சம்பந்தி அம்மாள், "திருப்பூர்ல தண்ணி நல்லாருக்காமா?" என்று கேட்டதோடு சரி. மகள் பட்டுச்சேலையில் மணையில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் அதே வட்ட முகம். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, யாராவது கவனித்துவிடுவார்களோ என்று பார்வையைத் திருப்பினேன்.

சந்தனம் பூசி, ஒவ்வொரு சுமங்கலியாக வளையல் போட்டார்கள். அண்ணி கூப்பிட்டார். "மதினி, நீங்க வந்து போடுங்க. அத்த முறை உங்களுக்குத்தான்."

அக்கா எழுந்து போனார். மகள் இரண்டு கையையும் நீட்டினாள். வேறு யாருக்கும் அப்படி நீட்டவில்லை. ஒவ்வொருத்தர் கேட்கும்போதும் ஒரு கையைத்தான் கொடுத்தாள். அக்கா தாம்பாளத்திலிருந்து பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். சுற்றி இருந்தவர்கள் பாசத்தில் அழுகை வருகிறது என்று நினைத்தார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ போடும்மா. எனக்குக் கண்ணு மறைக்குது."

வளையலை என் கையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். நான் போட்டேன். அந்தப் பெண் கையை இழுக்கவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை. கூட்டத்தில் பின்னால் போய் நின்ற அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, வளையல் குலுங்கக் கொல்லைப்புறம் வந்தாள். அக்கா அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன்த்தே போடல?"

"கண்ணு மறச்சிருச்சுத்தா."

"பொய் சொல்லாதீக. எம்மேல கோவமா? கல்யாணத்துக்குக் கூப்புடலன்னா?"

"கோவமா? உம்மேலயா?" அக்கா அவள் கன்னத்தைத் தொட வந்து, ஈரக் கையைப் பார்த்துச் சேலையில் துடைத்துக்கொண்டார். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். அவள் உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சிவகாசி தாண்டியதும் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, கைப்பைக்குள் சுருட்டி வைத்தார்.

"பொய்க் கயித்தக் கட்டிக்கிட்டு வளையல் போட்டா வயித்துப் புள்ளைக்கு ஆகுமா? எல்லாரையும் ஏமாத்தலாம். அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவருக்கு இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். "அந்த ஊர்ல பத்து வருசம் முடிஞ்சா வாசல்ல இருக்கவன் தொறந்து விட்டுருவான்னு சொன்னியே. எனக்கு எவன் தொறக்கணும் தங்கச்சி?"

சாத்தூரில் இறங்கியதும் அவர் வழக்கமான குரலில், வரட்டுமா என்று சொல்லிவிட்டு, அவர்கள் தொழிலுக்கு நிற்கும் பாலத்துப் பக்கம் நடந்தார். புதுச்சேலையோடேயே.

அந்த வருடக் கோடையில் மையத்தை மூடிவிட்டார்கள். திட்டம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் தகவல் வந்தது. பாய்களை வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் விருதுநகரில் ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜப்பான் தாளில் தேறிவிட்டேன். எடோ நகரச் சமூகம் பற்றி ஒரு கேள்வி வந்தது. பேட்டையைப் பற்றி விரிவாக எழுதினேன். பாதிக்கு மேல் எழுதியபோது, அறையில் அவர்கள் சிரித்த சத்தம் காதில் விழுந்து, கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலம் தொடங்கும்போது இளையவள் போன் செய்தாள். அக்கா விருதுநகர் ஆஸ்பத்திரியில். காசநோய் முற்றிவிட்டது. மையம் இருந்தவரை இருமினால் உடனே சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவோம். இப்போது அனுப்ப ஆளில்லை. அவராகவும் போகவில்லை.

பள்ளி விட்டதும் தினமும் போனேன். தடித்த உடம்பு கட்டிலோடு ஒட்டிக் கிடந்தது. அண்ணனுக்குச் சொன்னேன். பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலருகே நின்று அழுதார். தங்கையின் காலைப் பிடித்துவிட்டார். "வீட்டுக்குப் போவமாத்தா?" என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்கும் அக்காவுக்கும் அது நடக்காது என்று தெரியும். அங்கே பேறுகாலம் முடிந்து மகள் கைக்குழந்தையோடு இருந்தாள்.

"புள்ள இருக்க வீட்டுக்கு இந்தச் சீக்கோட வரவா? போண்ணே" என்றார் அக்கா. அந்தக் காரணம் கிடைத்ததில் இருவருக்கும் ஒரு நிம்மதி இருந்தது போல எனக்குப் பட்டது.

இரண்டு மூன்று நாளில் மகள் வந்தாள். கணவனிடம் திருப்பூர் அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, அவனோடேயே பைக்கில் வந்திருந்தாள். குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள். விட்டாலும் அக்கா விடமாட்டார். நான் கீழே போய் அவளை வார்டு ஜன்னலுக்கு நேரே, வேப்பமரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு மேலே வந்தேன். நர்சம்மாவும் நானும் சேர்ந்து அக்காவை ஜன்னலுக்கு நடத்திக்கொண்டு போனோம். நாலு எட்டுக்கே மூச்சு வாங்கியது.

கீழே அவள் துணியை விலக்கிக் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். பெண் குழந்தை. தூக்கம் கலைந்து வீறிட்டது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"கறுப்பா இருக்காளோ?"

"இல்லக்கா, மாநிறம்."

"எங்க வீட்டுக்காரரு நெறம்" என்றார். பிறகு கையைத் தூக்கி, போ போ என்று சைகை காட்டினார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. மகள் நகரவில்லை. கணவன் வந்து தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனான்.

அந்த வாரத்திலேயே அக்கா போய்விட்டார். நாரணாபுரத்துக்குக் கொண்டுபோகவில்லை. விருதுநகரிலேயே எரித்தோம். அண்ணன் கொள்ளி வைத்தார். பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று அங்கிருந்தவர் சொன்னார். இளையவளும் நானும் கேட்காத மாதிரி நின்றோம். இன்னும் இரண்டு பேர் சாத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் அண்ணனிடம், திருப்பூரில் கூட வேலை பார்த்தோம் என்று சொன்னார்கள். அவர் தலையசைத்தார். அவருக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம், பள்ளியில் சாப்பாட்டு நேரம். புது எண்ணிலிருந்து அழைப்பு. மகள்தான். தாழ்ந்த குரலில் பேசினாள். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம்.

"அக்கா, நாளைக்கு அமாவாச. அம்மாவுக்குப் படைக்கலாம்னு இருக்கேன்." அவள் வாயில் அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். "அவுகளுக்கு என்ன பிடிக்கும்னே எனக்குத் தெரியாதுக்கா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். எண்ணெயில் பொரித்த பரோட்டா. கையில் கொஞ்சம் கிடைத்த நாளில் வாங்கி வந்து, நொறுக்கிச் சால்னா ஊற்றி, அறையில் இருக்கும் எல்லாரையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்வார். இதை அவளிடம் சொன்னேன்.

"பொரிச்ச பரோட்டாவா?" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்த குரல். "அத எப்பிடிக்கா எலையில வச்சுப் படைக்கிறது? மாமியா கேப்பாகளே."

"உனக்குத் திங்க ஆசையா இருக்குன்னு சொல்லி வாங்கிட்டு வரச் சொல்லு."

"பால் குடுக்குறவ எண்ணெப் பலகாரம் திங்கக் கூடாதும்பாக." குழந்தை இன்னும் அழுதது. "சரிக்கா, பாக்கேன். அவரக் கேக்கேன். புள்ள அழுவுது, வச்சிரவா?"

வைத்துவிட்டாள்.